வெளியாள் வழியாக வரும் வினை: தொழில் நடத்தும் வீடுகளுக்குச் சில கணினிக் குறிப்புகள்

2025 ஆகஸ்ட் கடைசியில் ஜாகுவார் லேண்ட் ரோவர் கார் கம்பெனியின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். மேலும் பரவாமல் தடுக்க, கம்பெனியே தன் சிஸ்டங்களை அணைத்துவிட்டது. பிரிட்டன் ஆலைகளில் ஏறக்குறைய ஐந்து வாரம் உற்பத்தி நின்றது. டாடா குழுமத்துக் கம்பெனி, தாங்கிக்கொண்டது. திண்டாடியவர்கள் அதற்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சின்னப் பட்டறைக்காரர்கள். அவர்கள் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஆர்டர் இல்லை, பணம் வரவில்லை, ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. 5,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அடிபட்டன, மொத்த நஷ்டம் 190 கோடி பவுண்டு என்று அங்குள்ள சைபர் கண்காணிப்பு மையம் கணக்கிட்டது.

பெரிய இடத்து விவகாரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கீழே கடை, மாடியில் வீடு. ஹாலில் நாலு தையல் மெஷின், மகள் படிக்கும் லேப்டாப்பிலேயே கம்பெனிக் கணக்கு. இப்படி நடக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். இவர்கள் வைரஸுக்குப் பயப்படுகிறார்கள், நியாயம்தான். ஆனால் நமக்குச் சாஃப்ட்வேர் போட்டவர், கணக்குப் பார்ப்பவர், சரக்கு அனுப்புபவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கு இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான குறிப்புகள் இவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. 1, 2, 6 ஆகியவற்றை முதலில் முடியுங்கள்.

1. ஒரு முழுத்தாளை எடுத்து, உங்கள் கணினி, கணக்கு, கேமரா இவற்றுக்குள் நுழையக்கூடிய வெளியாட்கள் பெயரை எல்லாம் எழுதுங்கள். ஆடிட்டர் ஆபீஸ், பில்லிங் சாஃப்ட்வேர்காரர், சிசிடிவி மாட்டியவர், வெப்சைட் செய்து கொடுத்தவர், இன்டர்நெட் கனெக்‌ஷன்காரர், போன வருஷம் வேலையை விட்டுப் போன கணக்கர். வீட்டுச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் எல்லாரும் டக்கென்று சொல்லிவிடுவோம். இந்தத் தாளை நிரப்பத்தான் அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கேள்வி: இவருக்கு இன்னும் அனுமதி தேவையா? இவரிடம் இருக்கும் பாஸ்வேர்டு வேறு யாருக்குத் தெரியும்?

அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013-ல் சுமார் 4 கோடி கிரெடிட், டெபிட் கார்டு விவரங்கள் களவு போயின. திருடர்கள் நுழைந்த வழி, கடைகளுக்குக் குளிர்சாதன வேலை செய்து வந்த ஒரு ஒப்பந்தக்காரரின் லாகின். பில் அனுப்புவதற்காக அவருக்குக் கொடுத்து வைத்திருந்தது. ஏ.சி. மெக்கானிக்குக்குக் கொடுத்த அனுமதி கல்லாப்பெட்டி வரை போகும் என்று அங்கே யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

2. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் போடுங்கள்." நூல் மில்லிலிருந்தோ பேப்பர் டீலரிடமிருந்தோ இப்படி மெயில் வந்தால், அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. அதே லெட்டர்ஹெட், அதே ஜிஎஸ்டி எண், நீங்கள் உண்மையிலேயே தர வேண்டிய அதே பாக்கித் தொகை இருக்கும். அவர்களுடைய மெயிலுக்குள் புகுந்து பல வாரம் கடிதப் போக்குவரத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். மெயில் முகவரியில் ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும்; சில நேரம் அதுவும் மாறியிருக்காது.

செய்ய வேண்டியது ஒன்றே. உங்கள் போனில் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு, வழக்கமாகப் பேசும் ஆளிடம் கேளுங்கள். அந்த மெயிலில் போட்டிருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டால் திருடனே எடுத்து "ஆமாம் சார், மாற்றிவிட்டோம்" என்பான். இன்னொன்று: நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ஸில் பணம் போடும் முன் கணக்குக்கு உரியவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. முன்பெல்லாம் நீங்கள் என்ன பெயர் அடித்தாலும் கணக்கு எண்ணை மட்டும் பார்த்துப் பணம் போய்விடும். இப்போது பெயர் தெரிகிறது. நின்று படித்துவிட்டு அனுப்புங்கள். மில் பெயருக்குப் பதில் தனியாள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏமாறுவது படிக்காதவர்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். 2013 முதல் 2015 வரை லித்துவேனிய ஆசாமி ஒருவன், தைவானின் குவான்டா கம்பெனி பெயரிலேயே இன்னொரு கம்பெனியைப் பதிவு செய்து போலி பில் அனுப்பி, கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 12 கோடி டாலருக்கு மேல் கறந்தான். இரண்டுமே குவான்டாவிடம் உண்மையாகச் சாமான் வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிகள். 2019-ல் அவனுக்கு ஐந்து வருஷச் சிறை கிடைத்தது.

3. இதையே திருப்பியும் செய்யுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி உங்கள் பார்ட்டிகளை ஏமாற்றினால், சரக்கும் போய் வசூலும் போகும். பில்லின் அடியில் ஒரு வரி அச்சடியுங்கள்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்ல மாட்டோம். நேரில் அல்லது போனில் மட்டுமே." செலவில்லாத காப்பு. வெளிநாட்டுப் பார்ட்டி என்றால் முதல் ஆர்டரின்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

4. குரலையும் முகத்தையும் நம்பும் காலம் முடிந்துவிட்டது. 2024 தொடக்கத்தில் ஆரூப் என்ற பிரிட்டிஷ் கட்டடப் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், மேலதிகாரிகளுடன் வீடியோ மீட்டிங்கில் கலந்துகொண்டார். முதலில் மெயிலைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்திருந்தது. திரையில் தெரிந்த முகங்களைப் பார்த்ததும் தெளிந்துவிட்டது. 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அந்த மீட்டிங்கில் அவரைத் தவிர மற்ற எல்லாரும் கணினி உருவாக்கிய போலி.

வீட்டிலும் கடையிலும் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். "அவசரமா பணம் போடுப்பா" என்று அப்பா குரலில் போன் வந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். குலதெய்வத்தின் பெயர் வேண்டாம், சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும். முக்கியமாக, கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. முதலாளியை எதிர்க்கேள்வி கேட்கப் பயப்படும் கேஷியர்தான் இந்த மோசடிக்காரனின் மூலதனம்.

5. வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதச் சலான், பேங்க் கேஒய்சி எதுவானாலும் பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று முடிந்தால் தொடாதீர்கள். அது படம் இல்லை, போனுக்குள் ஏறும் செயலி. உங்களுக்கு வரும் ஓடிபியை அது வேறிடத்துக்கு அனுப்பிவிடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் அப்படித்தான்; அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும்.

6. ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிந்திருக்கும் மொபைல் எண்ணும் மெயிலும் யாருடையவை? இன்றே திறந்து பாருங்கள். பதிவு செய்து கொடுத்த அவசரத்தில் ஆடிட்டர் ஆபீஸ் பையன் தன் எண்ணைப் போட்டிருப்பான். அவன் வேலை மாறியிருப்பான். உங்கள் ரிட்டர்னுக்கு வரும் ஓடிபி எங்கோ ஒரு போனில் விழுந்துகொண்டிருக்கும். ஆடிட்டருடன் மனஸ்தாபம் வந்தால் உங்கள் கணக்குக்குள் நீங்களே போக முடியாது. உரிமையாளர் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். லாகினே கைவிட்டுப் போயிருந்தால், அடையாளச் சான்றுகளோடு உங்கள் வட்டார ஜிஎஸ்டி அதிகாரியிடம் மனு கொடுத்து மாற்றிக்கொள்ள வழி உண்டு. பி.எஃப்., இஎஸ்ஐ, வருமான வரி போர்ட்டல்களுக்கும் இதே சோதனை.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆடிட்டரின் மேஜை டிராயரில் கிடந்தால் வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வர மாட்டீர்கள் அல்லவா!

அப்படியே வெப்சைட் பெயரையும் பாருங்கள். பல கடைகளின் டொமைன், அதைச் செய்து கொடுத்த டிசைனரின் பெயரில் இருக்கிறது. அவர் புதுப்பிக்க மறந்தால் அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கலாம். வாங்கியவன் கைக்கு உங்கள் மெயிலும் போகும்.

7. பாஸ்வேர்டு. கேட்டுக் கேட்டுச் சலித்த விஷயம். ஆனால் பிரிட்டனில் 158 வருஷம் ஓடிய கேஎன்பி லாரிக் கம்பெனி, 500 லாரிகளோடு 2023-ல் மூடப்பட்டது. 700 பேருக்கு வேலை போனது. ஒரு ஊழியரின் எளிய பாஸ்வேர்டை ஊகித்தே கணினித் திருடர்கள் உள்ளே வந்தார்கள் என்று நம்பப்படுகிறது. சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மறக்காது. முதலில் மெயிலுக்கு மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற பல பாஸ்வேர்டுகளை மெயில் வழியாகவே மாற்றிவிட முடியும். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைப்பதை நிபுணர்கள் சிலர் கேலி செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். மானிட்டரில் ஒட்டி வைப்பதுதான் தப்பு.

8. "சப்போர்ட்டிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் எண் சொல்லுங்கள்." தொலைவிலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவும் செயலி அது. உண்மையான சாஃப்ட்வேர்காரரே கேட்டாலும் நீங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கொடுங்கள், வேலை முடிந்ததும் செயலியை மூடுங்கள். ஆளில்லாமலே உள்ளே வரும் நிரந்தரப் பாஸ்வேர்டைச் சில சப்போர்ட் ஆட்கள் தங்கள் வசதிக்காகப் போட்டு வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். எனிடெஸ்க் கம்பெனியே 2024 பிப்ரவரியில் தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததை அறிவித்து, பாஸ்வேர்டுகளை மாற்றச் சொன்னது நினைவிருக்கட்டும்.

9. பேக்கப். பல கடைகளில் பேக்கப் என்றால், கணினியின் முதுகில் எந்நேரமும் செருகியே இருக்கும் பென் டிரைவ். ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சு நிரல், வந்தால் அந்தப் பென் டிரைவையும் சேர்த்துத்தான் பூட்டும்.

2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் வரிக் கணக்குக்காகப் பயன்படும் மெடாக் என்ற சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற நச்சு நிரல் பரவியது. நம் ஊரில் கணக்கு சாஃப்ட்வேரை அப்டேட் செய்வது போல அவர்களும் செய்தார்கள், அவ்வளவுதான். உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான மெர்ஸ்க் அதில் மாட்டி, 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டிவந்தது. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். ஊழியர் அனுமதிகளை எல்லாம் நிர்வகிக்கும் சர்வர்கள் உலகம் முழுக்க அழிந்துபோக, ஒன்றே ஒன்று தப்பியது. அது கானா நாட்டில் இருந்தது. அந்த நேரத்தில் அங்கே பவர்கட்! மின்வாரியத்தைத் திட்டும்போது இதையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, பேக்கப் என்பது கணினியோடு தொடர்பே இல்லாமல் கிடக்க வேண்டும். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றது. காப்பி எடுத்ததும் கழற்றி, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். கீழேயே கடை என்றால் மாமியார் வீட்டில் வையுங்கள். தீயும் வெள்ளமும் மாடி கீழ் என்று பார்க்காது. மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் போட்டு, போன மாத பில் ஒன்று திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி இருப்பது, என்னைக் கேட்டால், பேக்கப்பே இல்லாமல் இருப்பதைவிட மோசம். இல்லாதவனுக்காவது பயம் இருக்கும்.

10. அப்டேட்டுக்குப் பயந்து நிறுத்திவிடவும் கூடாது. ஓட்டை அடைபடுவது அப்டேட்டில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இன்னும் அதில் பில் போடுகிறவர்கள் மாற ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு மூன்று கணினி இருந்தால் முதலில் ஒன்றில் மட்டும் அப்டேட் செய்து ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு பில்லிங் கணினிக்குப் போங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் பிழையான அப்டேட், 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. திருடன் யாரும் இல்லை, காவல்காரனே தடுக்கி விழுந்தான். விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருட்டு விண்டோஸ், உடைத்த டேலி பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வேண்டாம்.

11. சிசிடிவி, வைஃபை பெட்டி இரண்டிலும் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு வைஃபை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தனி 'கெஸ்ட்' இணைப்பு.

12. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று போனில் சொல்லும் ஊழியருக்குப் போனிலேயே புதியதைச் சொல்லாதீர்கள். பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடை நிறுவனம் 2025 ஏப்ரலில் விழுந்தது இந்த மாதிரி ஆள்மாறாட்டத்தில்தான். வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக நடந்தது என்று அதன் தலைவர் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். ஆறு வாரத்துக்கு மேல் ஆன்லைன் விற்பனை இல்லை. லாபத்தில் சுமார் 30 கோடி பவுண்டு போகும் என்று கம்பெனி கணக்கிட்டது. அது ஈஸ்டர் விடுமுறைச் சமயம் என்பதையும் கவனியுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கடையை மூடும்போது கணினியையும் மோடத்தையும் சுவிட்சோடு அணைத்துவிட்டுப் போங்கள்.

13. வேலையை விட்டு ஒருவர் போகும் அன்றே அவர் லாகினை மூடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுங்கள். வருத்தப்படுவார் என்று ஒரு வாரம் தள்ளிப் போடாதீர்கள்.

14. நமக்குச் சேவை தருபவர் படுத்துவிட்டால் நம் கதி என்ன? 2024 ஜூலை கடைசியில், சின்ன வங்கிகளுக்குத் தொழில்நுட்பம் தரும் சி-எட்ஜ் நிறுவனத்தை ரேன்சம்வேர் தாக்கியது. தேசிய பணப்பட்டுவாடாக் கழகம் அதைத் தன் வலையிலிருந்து துண்டித்தது. சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் வாடிக்கையாளர்களால் யுபிஐ, ஏடிஎம் பயன்படுத்த முடியவில்லை. அடுத்த நாளே சரியானது. ஆனால் அன்று சம்பள நாளாக இருந்திருந்தால்?

வெவ்வேறு வகையான இரண்டு வங்கிகளில் கணக்கு இருக்கட்டும். பழைய கார்பன் பில் புத்தகம் ஒன்று, முக்கியமான 20 போன் எண்கள் எழுதிய அட்டை ஒன்று, பத்து நாள் கூலிக்கான பணம். முடிந்தால், ஒரே பார்ட்டிக்கே மொத்தச் சரக்கையும் போடும் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஜாகுவார் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும் அந்த வலி.

15. புதிதாக சாஃப்ட்வேர் வாங்கும்போது விலையைப் பேசுவதற்கு முன் கேளுங்கள்: எங்கள் கணக்கு எந்த சர்வரில் இருக்கும்? உங்கள் ஆட்களில் யார் யார் பார்க்க முடியும்? நாங்கள் விலகினால் எங்கள் டேட்டாவை எக்செல்லாகத் தருவீர்களா? உங்களிடம் திருட்டு நடந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு முழிப்பார்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கணினித் தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு; அவர்களுக்கு மட்டுமல்ல, உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் உங்களுக்கும்தான்.

16. வாடிக்கையாளரின் ஆதார் ஜெராக்ஸைக் கட்டுக்கட்டாகச் சேர்க்காதீர்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் போதுமா என்று பாருங்கள். தனிநபர் தரவைச் சரியாகப் பாதுகாக்காவிட்டால் 2023-ம் ஆண்டுச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. இல்லாத காகிதம் திருடு போகாது.

17. கல்லா மேலே ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கரின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று காலையில் கடை திறக்கும்போது உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்து பெயரைப் பாருங்கள். சாம்பிராணி காட்டும் நேரத்தில் முடிந்துவிடும்.

18. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து பத்துக் கணக்குக்குப் பிரிந்து ஓடும்; எங்கேனும் நிற்கும்போது முடக்கினால்தான் மீட்க வழி. வீட்டில் சொல்லலாமா, முதலாளி திட்டுவாரா என்று யோசிக்கும் நேரத்தில் அது ஏடிஎம்மில் நோட்டாகிவிடும். யுடிஆர் எண் (வங்கி தரும் பணப் பரிமாற்ற எண்), நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு மத்திய உள்துறையின் சைபர்கிரைம் போர்ட்டலில் எழுத்துப் புகார், வங்கிக்கும் ஒரு கடிதம். மெயிலையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள்.

கணினி பூட்டிக்கொண்டு மிரட்டல் வந்தால் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். உடனே ஃபார்மேட் அடிக்கச் சொல்லும் பக்கத்துக் கடை நிபுணரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். தடயம் எல்லாம் அதில்தான். யூரோபோல் முதலிய அமைப்புகள் நடத்தும் 'நோ மோர் ரேன்சம்' என்ற இணையதளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி உண்டு. பணம் கட்டினால் கணக்கு திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

புகார் கொடுத்த சில நாளில் இன்னொரு போன் வரலாம். "உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், விடுவிக்க 5,000 ரூபாய் கட்டணம்" என்பான். போலீஸும் வங்கியும் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. அந்த எண்ணையும் 1930-க்குச் சொல்லுங்கள்.